நிற்கிறவள்

கல்லியோப்பி திட்டவில்லை. ரொக்சானி அப்போதே மகளை இழுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டும்.

கிரீஸில் இருக்கிற எங்கள் பாலியோவ்ரிசி ஊர் மியூசியத்தின் காவல்காரி கல்லியோப்பியிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. சிலைக்குப் பக்கத்தில் போய் அதைப் போலவே கையைக் காலை வைத்துக்கொண்டு படம் எடுக்கப் பார்த்தால் போதும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே ஒரு குரல் கொடுப்பாள். ஜெர்மன்காரர்கள் கையிலிருந்து கேமரா நழுவும். எந்த மியூசியத்திலும் அப்படி நிற்கக் கூடாது என்பது நாடறிந்த சட்டம்தான். மற்ற ஊர்களில் அதை மரியாதை என்பார்கள். கல்லியோப்பி மட்டும் எரியும் அடுப்பில் கை வைக்கப்போன குழந்தையை அதட்டுவதுபோல அதட்டுவாள். மந்திரி ஒருவரின் மாமியாரையே வாசலுக்கு வெளியே அனுப்பியவள். விளையாட்டாகக் கல்வீரனைப்போல் முஷ்டியை ஓங்கிய பாதிரியாரை, அந்தத் தாடிக்குக்கூட மரியாதை தராமல் விரட்டியவள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ரொக்சானியின் மகள் மிர்சினி நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள்: "அத்தை, அந்தக் கல்லுல இருக்கிற மாதிரியே நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

கல்லியோப்பி சிரித்தாள். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது.

"எடுத்துக்கோயேன். கல்யாணப் பொண்ணு கேட்டு இல்லைன்னு சொல்லுவேனா?"

ரொக்சானிக்குச் சுருக்கென்றது. ஆனால் ஜெயித்த மகிழ்ச்சி அதை மூடிவிட்டது. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மருந்துக்கடை அரிஸ்டோஸ் முதலில் நிச்சய மோதிரம் போட்டது கல்லியோப்பியின் விரலில். கோயிலில் தலைக்குக் கல்யாணக் கிரீடம் வைத்துக்கொண்டது ரொக்சானியோடு. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஊரில் ஏழெட்டுக் கதைகள் உலவுகின்றன. எதிலும் ரொக்சானி நல்லவளாக வருவதில்லை.

இப்போது வந்த காரணமும் பெருமைதான். மிர்சினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். தெசலோனிக்கியில் நாத்தனாராக வரப்போகிறவள் தன் கல்யாணப் பத்திரிகையில் பாய்மரப் படகில் நிற்கும் படம் போட்டிருந்தாளாம். "படகு எவகிட்ட வேணும்னாலும் இருக்கும். அலெக்சாந்தர் பொறக்குறதுக்கு முந்தின கல்லு எவகிட்ட இருக்கு?" என்று ரொக்சானி முடி திருத்தும் கடையில் வைத்தே கேட்டிருக்கிறாள். மேயர் காதில் ஒரு வார்த்தை போட்டு, மியூசியம் மூடிய பிறகு தனியாகச் சுற்றிக்காட்டும்படி ஏற்பாடு செய்தாயிற்று. மிர்சினி ஒரே பெண். ரொக்சானிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல், தீனோஸ் மாதா கோயிலுக்கு முழங்காலால் ஏறிப் போய் வாங்கி வந்த பிள்ளை. அந்த முழங்கால் தழும்பைக் கடற்கரையில் கேட்காதவர்களுக்கும் காட்டுவாள். அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தால் ஊருக்கே காய்ச்சல் வந்ததுபோல் பதறுவாள்.

கல்லியோப்பி வாசல் கதவை உள்ளிருந்து தாழிட்டாள். வெளியே ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல். ஊரே பலகைக் கதவுகளைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தது. அந்த நேரத்தில் தெருவில் இரைந்து பேசினாலே போலீசைக் கூப்பிடுவார்கள். அத்தி மரத்தில் சில்வண்டுகள் மட்டும் வெயிலை ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தன. உள்ளே குளிர்சாதனத்தை நிறுத்தியிருந்தார்கள். தரை மெழுகு, சூடேறிய கண்ணாடி, கல்லியோப்பியின் உடையில் ஒட்டியிருந்த சாம்பிராணி, எல்லாவற்றுக்கும் அடியில் அப்போதுதான் மண்வெட்டியால் புரட்டிய ஈரமண்ணின் வாசனை. இரண்டு மாதமாக ஒரு துளி மழை இல்லை. ரொக்சானி மூக்கைச் சுளித்தாள்.

"எங்கயாவது குழாய் ஒழுகுதாடி?"

"இங்க குழாயே கிடையாதே."

முதல் அறையில் வயிறு பெருத்த மண்ஜாடிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றின் முன் நின்ற கல்லியோப்பி கண்ணாடியில் செல்லமாகத் தட்டினாள்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"ஆலிவ் ஊறவைக்கிற ஜாடி."

"செத்த பிள்ளைங்களைப் புதைக்கிறது. வாய் வழியா நுழையாதுன்னு வயித்தை உடைச்சு உள்ள வச்சு, திரும்ப ஓட்டை மூடியிருக்காங்க பாரு. உள்ள இன்னும் இருக்கு. எட்டிப் பாக்குறியா?"

"கல்யாணத்த வச்சுக்கிட்டு பேசுற பேச்சா இது?"

"தனியா சுத்திக்காட்டுன்னு நீதான மேயர் வரைக்கும் போன? தனியா வர்றவங்களுக்கு ஒண்ணையும் மறைக்கக் கூடாது."

மிர்சினி சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். அவள் செருப்பின் ஓசை அடுத்த அறைக்குள் போய் எதிரொலித்துத் திரும்பியது. திரும்பியபோது கூட ஒரு ஓசையும் சேர்ந்து வந்ததுபோல் இருந்தது. அம்மிமேல் குழவி வெறுமனே ஒருமுறை உருண்டால் வருமே, அப்படி. ரொக்சானி நின்றாள். ஓசையும் நின்றது.

கடைசி அறையில் அந்தக் கல்லறைப் பலகை ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதில் செதுக்கிய நாற்காலியில் ஒரு பெண். எதிரே ஒருத்தி நிற்கிறாள். இருவரும் வலது கைகளைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருந்த சன்னல் வழியாக இறங்கிய வெயில், பற்றிய அந்தக் கைகளில் மட்டும் விழுந்திருந்தது. முகங்கள் நிழலில் இருந்தன. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கையைப் பிடித்திருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நிற்கிறவளின் பார்வை உட்கார்ந்தவளின் தோளுக்கு மேலாக எங்கோ போயிருந்தது.

"இதுல செத்தவ யாரு?" என்று ரொக்சானி கேட்டாள்.

"உட்கார்ந்திருக்கிறவன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

கெட்டது அண்டாமலிருக்க ரொக்சானி உடைக் கழுத்துக்குள் மூன்று முறை தூ தூ என்றாள். சாமர்த்தியசாலி அல்லவா, உடனே முடிவெடுத்துவிட்டாள். "நீ நில்லும்மா. உட்கார்றது நான்." எது வந்தாலும் தன் தலையோடு போகட்டும் என்கிற தாயின் கணக்கு. அவளைப் பற்றி எத்தனை பேசினாலும் அந்தக் கணக்கில் பொய் கிடையாது.

கல்லியோப்பி தன் சொந்த நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். யாரையும் தொடவிடாத நாற்காலி. மிர்சினியின் செல்போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கையைப் புடிங்க. அப்படித்தான். மிர்சினி, அம்மாவப் பாக்காத. அந்தப் பொண்ணு பாக்குற மாதிரி பாரு. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங்."

சில்வண்டுகள் நின்றன. ஒவ்வொன்றாக அடங்கவில்லை. எல்லாம் ஒரே நொடியில், வாயைப் பொத்தினாற்போல. அந்த அமைதியில் செல்போன் க்ளிக் என்றது.

"போதும், அசையலாம்," என்றாள் ரொக்சானி.

மிர்சினி அசையவில்லை. அவள் கை ரொக்சானியின் உள்ளங்கைக்குள் குளிர்ந்துகொண்டே போனது. வியர்வைக் குளிர்ச்சியா என்றால் இல்லை. வயலில் கிடக்கும் கல்லைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைத் தொட்டால் இருக்குமே, அது.

"ரொக்சானி," என்றாள் கல்லியோப்பி, பள்ளிக்கூடக் காலத்துக் குரலில். "உங்க வீட்டுக்கு வந்தவங்க கிளம்புறப்ப, யாரு எந்திரிச்சு நிப்பாங்க?"

"என்ன உளர்ற?"

"போறவங்கதான நிப்பாங்க. இருக்கப்போறவ உட்கார்ந்த இடத்துலயே கை குடுப்பா."

"செத்தவ உட்கார்ந்திருக்கிறவன்னு நீதான சொன்ன."

"எல்லாரும் சொல்றதச் சொன்னேன். நான் என்ன நினைக்கிறேன்னு நீ கேக்கலையே. எப்பவுமே நீ கேட்டதில்லடி."

அவள் தாழ்ப்பாளைத் திறக்கப் போய்விட்டாள்.

"அம்மா," என்றாள் மிர்சினி. பார்வை தாயின் தோளுக்கு மேலேயே இருந்தது. "விடு. நேரமாச்சு."

"எதுக்கு நேரமாச்சு?"

ரொக்சானி விடவில்லை. ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. விட்டால் போய்விடுவாள் என்பது மட்டும் ஈரக்குலையில் தெரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழ முயன்றபோது இடுப்புக்குக் கீழே பாறையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது. மாதாவை அழைத்தபடி எழுந்தாள். கோத்த கையைத் தளர்த்தாமல், வெயிலில் வெளுத்துக் கிடந்த சதுக்கத்தின் வழியே மகளை வீட்டுக்கு நடத்தி வந்தாள். காபிக்கடைக்காரன் உள்ளிருந்து, "என்னம்மா, பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு விடாமப் புடிச்சு வச்சுக்கப் போறியா?" என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் பிறகு பலமுறை சொல்லிச் சிரித்தோம். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டோம்.

வீட்டுக்குள் வந்தும் மிர்சினி உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றாள். இடுப்புக்குக் கீழே அந்தக் கனம் இழுக்க, ரொக்சானி நாற்காலியில் விழுந்தாள். விழுந்த பிறகுதான் பார்த்தாள். தான் உட்கார்ந்திருக்கிறாள், எதிரே மகள் நிற்கிறாள், நடுவே கை. எழ வேண்டும். எழ முடியவில்லை. மகளின் மணிக்கட்டிலிருந்து வெள்ளைத்தூள் பொடிப்பொடியாகத் தன் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. மாவு மாதிரி. தொட்டால் நெறுநெறுத்தது.

"ஒக்காரும்மா. என் கண்ணுல்ல."

"நேரமாச்சும்மா."

பொழுது சாய்ந்தது. பலகைக் கதவின் இடுக்குகளில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, சாம்பலானது. ரொக்சானியின் தோள் மரத்தது. முழங்கை மரத்தது. விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணி இறுக்கினாள்.

நீண்டுபோன பகல் தூக்கம் கலைந்து பனியனோடு வந்த அரிஸ்டோஸ் வாசற்படியிலேயே நின்றார்.

"ஏன் ரெண்டு பேரும் விளக்குப் போடாம இருக்கீங்க?"

"இவளப் புடிங்க. இந்தக் கையை நான் விட்டா போயிடுவா. இன்னொரு கையை நீங்க புடிங்க."

அரிஸ்டோஸ் மகளைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அவள் நின்றுகொண்டிருக்கிற மகள், அவ்வளவுதான். மனைவியின் நெற்றியைத் தொட்டார், கொதித்தது. வெயில் தாக்கியிருக்கிறது, கல்யாண வேலை வேறு, அதோடு மகளைப் பிரியப்போகிற ஏக்கம். கடையில் இதைப் போல எத்தனையோ பெண்களைப் பார்த்தவர். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் செர்ரி சர்பத் கரைத்து எடுத்து வந்து அவள் வாயிலேயே வைத்தார். தொண்டை வறண்டிருந்தவள் மடமடவென்று குடித்தாள். இனிப்புக்கும் புளிப்புக்கும் அடியில் ஒரு கசப்பு. மருந்துக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு அந்தக் கசப்பு தெரியாதா?

"என்ன போட்டீங்க இதுல?"

"கொஞ்சம் சொட்டு மருந்துதான். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

"ஐயோ, என்ன பண்ணிட்டீங்க."

நாக்கைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. இமை கனத்தது. திறந்தாள். மிர்சினி இருக்கிறாள். கை இருக்கிறது. இமை விழுந்தது. திறந்தாள். இருக்கிறாள். அரிஸ்டோஸ் பக்கத்தில் குனிந்து, புண்ணிலிருந்து கட்டுத்துணியை அவிழ்க்கும் பக்குவத்தோடு, அவள் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"விடும்மா. பாவம், பிள்ளைக்குக் கை வலிக்கும்."

சுண்டுவிரல்.

மோதிரவிரல்.

கத்தினாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

நடுவிரல். அப்புறம் பிடியில் எதுவுமில்லை.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல," என்றார் அரிஸ்டோஸ்.

மிர்சினி திரும்பினாள். தரையில் அம்மி இழுபடும் ஓசை. ஓர் அடி. இன்னொன்று. தெருக்கதவைத் திறந்தாள்.

"சாப்பிடாம எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டபடியே அரிஸ்டோஸ் தம்ளரைக் கழுவப் போனார்.

மூடிக்கொண்டிருந்த இமைகளின் கீழ்விளிம்பு வழியாக ரொக்சானி பார்த்தாள். தெருவில் வழக்கமாக அந்த நேரத்தில் பிள்ளைகள் பந்தாடுவார்கள். இப்போது தெரு நிறைய ஆட்கள். சுவருக்குச் சுவர். ஆண்களும் பெண்களும் இடுப்பளவுக் குழந்தைகளும். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இன்னொருவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் பார்வையும் அடுத்தவர் தோளுக்கு மேலாகப் போயிருந்தது. ஈரமண் வாசனை கூடத்துக்குள் வந்தது. முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

மிர்சினி போய் அதில் நின்றாள்.

ரொக்சானியின் வலது கை இன்னும் முன்னால் நீண்டே இருந்தது. அதைக் கீழே இறக்க முடியவில்லை.