இரண்டாவது கண்ட்ரோலர்

ஒருவர் ஆட்டம் என்றுதான் கனகராஜ் தேர்ந்தெடுத்தார். திரையில் இருவர் வந்து நின்றார்கள்.

முன்னால் நின்ற சிவப்புச் சட்டைக்காரன் அவருடையவன். நீலச் சட்டைக்காரன் சற்றுப் பின்னால், பாலத்தின் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி நின்றான்.

பழைய வீடியோ கேம் கேசட்டின் செம்புப் பற்களில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தார். அழிப்பானால் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, மறுபடியும் செருகிக் கணினிக்கு நகல் எடுத்தார். நகலின் சரிபார்ப்பு எண்ணை, உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இணையத்தில் வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டார். இம்மி பிசகவில்லை. நகலில் பழுது கிடையாது.

மறுபடியும் ஒருவர் ஆட்டம். மறுபடியும் இருவர்.

தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் எடுத்துக்கொண்ட வேலை இது. செத்துப்போன தம்பி சீனியின் கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் நகலெடுத்து, நூறு ஆட்டம் என்று ஏமாற்றிய கள்ளக் கேசட்டுகளில் ஒரே ஆட்டம் பத்துப் பெயரில் வருவதைக் கழித்து, சரியான பெயரும் அட்டைப் படமும் சேர்த்து, பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் ஓடும்படி வரிசைப்படுத்திவந்தார். கோப்பெங் தோட்டத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையில் சீனி மூழ்கியபோது, குடித்துவிட்டு விழுந்தான் என்று பேசிய வாய்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வாய்களுக்கு முன்னால் தம்பியின் பெயர் துலக்கிய குத்துவிளக்காக நிற்க வேண்டும். அதற்காகத்தான் வருஷா வருஷம் அவன் இறந்த நாளில் குறைவில்லாத படையல். இன்று அந்த நாள்.

"இந்த வருசம் கோயில்லயே கொடுத்துடலாம்லா," என்று காலையிலேயே மனைவி முத்தம்மா கேட்டிருந்தாள். "வயித்துப்பிள்ளக்காரி வீட்டுல இருக்கா. செத்தவங்கள அவ இருக்கிற வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதுங்க."

"நம்ம வீட்டுப் பிள்ள கோயில் வாசல்ல போயித் திங்கணுமா? என் தம்பி என்ன பிச்சைக்காரனா?"

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்ற மகள் சாந்தினி சிரித்தாள். "சித்தப்பாவோட கேசட்டத் தொடைக்கிற நேரத்துக்கு அம்மாவுக்கு ரெண்டு சட்டி கழுவியிருக்கலாம்ப்பா. பாவம்லா அம்மா."

அவர் சொன்னதுதான் நடந்தது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

மத்தியானம் கணினி அறையில் இலை போட்டார்கள். கோழிக் கறி, அவித்த முட்டை, நெத்திலி சம்பல், கறுப்புக் காப்பி. இந்த வருஷம் இலையோரத்தில் பழைய இரண்டாவது கண்ட்ரோலரையும் கனகராஜ் வைத்தார். முதலாவது எப்போதும் மூத்தவருக்கு, இரண்டாவது சீனிக்கு. அதன் வயர் கணினியில் செருகியபடியே இருந்தது. ஆசைப்பட்டதை வைப்பதுதானே படையல்?

கதவைச் சாத்தினார்கள். அழைக்கப்பட்டவன் உண்டு முடிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. திறக்கும்முன் மூன்று தடவை தட்ட வேண்டும். வந்தவன் போவதற்கு அது அவகாசம். கனகராஜின் அப்பா கற்றுத்தந்த முறை, ஒரு வருஷமும் தவறியதில்லை.

சாந்தினி பக்கத்து அறையில் படுத்திருந்தாள். சமையற்கட்டில் காத்திருந்தபோது, அவர்கள் குடியிருந்த புந்தோங்கின் தகரக் கூரைகளுக்கு மேல் வானம் கறுத்து, சுண்ணாம்புக் குன்றுகளின் பக்கமிருந்து ஈரமண் வாசத்தோடு காற்று வந்தது. தூரத்தில் உருண்டுகொண்டிருந்த இடி திடீரென்று வீட்டின் தலைமேலேயே விழுந்தது. கணினியின் பிளக்கைப் பிடுங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மின்னல் போதும், நாலு மாத உழைப்பு கருகிப்போகும். எழுந்து ஓடினார். கதவைத் தள்ளினார்.

தட்டவில்லை.

சாம்பிராணி வாசம் இல்லை. அடிச்சேற்றின் வாசம். வெகுகாலம் அசையாமல் கிடந்த தண்ணீரின் வாசம். விளக்குச் சுடர் காற்றில்லாமலே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முட்டை பாதி கடிபட்டிருந்தது. கண்ட்ரோலரின் வயர், இப்போதுதான் யாரோ கைவிட்டதுபோல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"தட்டினீங்களா?" சமையற்கட்டிலிருந்து முத்தம்மாவின் குரல்.

பொய் சொல்லி அறியாத மனிதர் அவர்.

"தட்டினேன்."

திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் இருவர். நீலச் சட்டைக்காரன் குதித்தான். இரண்டு தடவை. சற்று விட்டு, ஒரு தடவை.

கனகராஜ் நாற்காலியில் விழுந்தார். அந்தக் குதிப்பை அவர் அறிவார். சிவப்புச் சட்டைக்காரன் போகும் பக்கம்தான் திரை நகரும். பின்தங்கியவன் விளிம்பில் சிக்கித் தண்ணீரில் விழுவான். "அண்ணே, நில்லுண்ணே, போவாதண்ணே, செத்துருவேன்!" என்று சீனி கத்துவான். அவர் நின்றால், வந்துவிட்டேன் என்று சொல்ல, நின்ற இடத்திலேயே குதிப்பான்.

டப், டப். டப்.

இலையோரத்துக் கண்ட்ரோலரில் எந்தப் பொத்தானும் அசையவில்லை.

"ம்மா!" பக்கத்து அறையிலிருந்து சாந்தினி சிரித்தாள். "இங்க வாயேன். பிள்ள ஒதைக்குதும்மா. ரெண்டு ஒத, அப்புறம் ஒண்ணு. மறுபடியும் ரெண்டு. தாளம் போடுது!"

அவர் திரையைப் பார்த்தார். இரண்டு. ஒன்று.

"இப்ப பாரு... இப்ப!"

இரண்டு. ஒன்று.

முதல் கண்ட்ரோலரை எடுத்தார். ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தானை அழுத்தினார். திரை உறைந்தது. நீலச் சட்டைக்காரன் அந்தரத்தில் நின்றான்.

பக்கத்து அறையில் சிரிப்பும் நின்றது.

"ம்மா... அசையலம்மா." மூச்சு வாங்கும் சத்தம். "ம்மா, என்னமோ மாரி இருக்கு. உள்ள சில்லுனு இருக்கு. ம்மா!"

மறுபடியும் அழுத்தினார். நீலச் சட்டைக்காரன் தரையிறங்கினான்.

"ஆ... அசைஞ்சுருச்சு. அப்பாடா."

கனகராஜ் கண்ட்ரோலரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வேர்வை மூக்கு நுனியில் நின்றது. துடைக்கத் துணியவில்லை. ஒரு அடி முன்னால் போகக் கூடாது. நிறுத்தக் கூடாது. விடக் கூடாது.

மழை கொட்டியது. தகரத்தில் கல்மாரி போன்ற சத்தம். ஜன்னல் வெளுத்தது, இடி உடனே. மின்விளக்கு மங்கித் திரும்பவும் எரிந்தது.

"கம்பியூட்டர அடைச்சீங்களா?" முத்தம்மா கத்தினாள். "இடி எறங்குதுங்க!"

அடைக்காதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். தட்டவில்லை என்று சொல்ல வேண்டும். நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. முப்பத்தைந்து வருஷமாக அவளிடம் சொல்லாத சொற்கள்.

"பதிலே வராதே இந்த மனுசன்கிட்ட. நானே மெயின் சுவிட்ச அடைக்கிறேன்."

ஈரச் செருப்பின் சத்தம். கூடத்தில். மின்பெட்டியை நோக்கி.

"வேணாம்!" என்றார். "முத்தம்மா, தொடாதே! நான் தட்டலடி!"

மழை அதை விழுங்கியது.

அந்த ஆட்டத்தில் மனிதர்கள் இடம் பார்ப்பார்கள், வலம் பார்ப்பார்கள். எதிரே பார்க்கும் முகம் அவர்களுக்கு வரையப்படவே இல்லை. நீலச் சட்டைக்காரன் மெல்லத் திரும்பினான். திரைக்கு வெளியே. அவரைப் பார்த்து.

கூடத்தில் மின்பெட்டியின் மூடி கிரீச்சிட்டது.

டப். டப்.

மூன்றாவதற்காகக் கனகராஜ் காத்திருந்தார்.