பின்னால் வந்த வளையம்

கீழ்நோக்கிச் சாய்த்தால் அந்தப் பழைய ஜூம் லென்ஸின் வளையம் தன் கனத்திலேயே முன்னால் வழுக்கிக் காட்சியைத் தூரமாக்கிவிடும். செம்மேட்டில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் சங்கீதாவுக்கு அது பழகிப்போன கோளாறு, அதற்காகவே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் வளப்பூர் நாட்டுக்குப் போகும் மலை ரோட்டு வளைவில் நின்று பிலிம் கேமராவைப் பள்ளத்தை நோக்கிச் சாய்த்தபோது, வளையம் ரப்பர் பேண்டையும் சுருட்டிக்கொண்டு அவள் பக்கமாகப் பின்னால் வந்தது.

லென்ஸிலிருந்து பூஞ்சை வாடை அடித்தது. கீழே குச்சிக்கிழங்கு நட்ட காட்டில் அவள் தம்பி சின்னராசு நின்றான். படத்தில் ஆள் இருந்தால்தான் மலையின் உயரம் தெரியும் என்று அவள்தான் அவனை இறங்கச் சொல்லியிருந்தாள். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு இடையே பனி ஊர்ந்து வர, வளையம் தானாக இன்னும் நகர, தம்பி பெரிதானான். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன். கையில் கொடுவாள்.

கேமராவை இறக்கினாள். தம்பி மட்டும்தான் நின்று கையாட்டிக்கொண்டிருந்தான்.

போன் போட்டாள். "ராசு, உனக்குப் பின்னால ஆரு?"

"ஆருமில்லக்கா. சீக்கிரம் எடு, குளுருது."

போனைக் காதில் வைத்தபடியே கேமராவைத் தடுப்புச் சுவரில் ஊன்றி மறுபடி பார்த்தாள். கொடுவாள் இறங்கியது. இடது தோளில். சட்டை பிளந்து எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது. காதுக்குள் தம்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அடுத்த வெட்டு முழங்காலில். அவள் வளையத்தை முன்னால் தள்ளினாள். எதிர்ப்பக்கம் ஒரு கை பிடித்துத் தள்ளுவதுபோல அது திரும்பி வந்தது. மூன்றாவது வெட்டு, வலது காதுக்குக் கீழே, கழுத்தில்.

"மேல ஓடியா சாமி!"

"வாரேன், வாரேன். ஏங்க்கா கத்தறே?"

லென்ஸைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினாள். பாறையில் கண்ணாடி சிதறும் சத்தம் கேட்டது.

மூச்சிரைக்க ஏறி வந்தான் தம்பி. முழுசாக. அவன் தோளைத் தடவிப் பார்த்தாள். ஈரச் சட்டை, உள்ளே வெதுவெதுப்பான உடம்பு.

"லென்ஸ் எங்கக்கா?"

கேட்டு வாய் மூடவில்லை. அவன் இடது தோளில் சட்டை பிளந்தது.

யாரும் தொடவில்லை. முதலில் எலும்பு. அப்புறம்தான் ரத்தம். அவன் அதைக் குனிந்து பார்த்தான். முழங்கால் வெடித்தது. அலறிக்கொண்டு ரோட்டில் சரிந்தான்.

சுற்றிலும் பனி. ஆளில்லை.

அடுத்தது எங்கே என்று அவளுக்குத் தெரியும். பாய்ந்து, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அவன் கழுத்தை அழுத்தி மூடினாள். உள்ளங்கைக்கு அடியில் நரம்பு துடித்தது.

"அக்கா... எனக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி. ஒண்ணுமில்ல."

கையை எடுக்கவில்லை. மேலே இருந்த கையின் நான்கு விரல்களுக்கும் குறுக்கே, நேராக, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. இன்னும் வலிக்கவில்லை.