இருட்டிலும் இறங்காத மீட்டர்

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: இறந்துபோன விஞ்ஞானியின் தங்கை, அவருடைய மனைவி, ஃபியூஸ் என்று எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியன். வேறு யாரும் இல்லை.

அண்ணன் செய்த, பெரோவ்ஸ்கைட் என்ற கறுப்புப் படிகம் பூசிய சூரியத் தகடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. காற்றின் ஈரம் பட்டால் அந்தக் கறுப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதால் உள்ளே நைட்ரஜன் மட்டும். பெட்டியின் முகப்பிலிருந்து இரண்டு நீண்ட ரப்பர் கையுறைகள், உள்ளழுத்தத்தில் உப்பி, யாரையோ அணைக்க வருவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் விளக்கின்கீழ் வைத்தும் தகட்டின் திறன் குறையவில்லை என்பது அண்ணனின் முடிவு. அவ்வப்போது விளக்கை அணைத்து, இருட்டில் அது தேறியபின் அளந்த மோசடி என்று மற்றவர்கள் பேசினார்கள். மறுநாள் பரிசோதகர்கள் வருகிறார்கள். அதற்குள் அண்ணன் பொய்யரா என்று தங்கைக்குத் தெரிந்தாக வேண்டும்.

விளக்கை அணைத்தாள். தகட்டின் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் எண் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும்; இறங்கவில்லை.

"எங்கயாவது வெளிச்சம் கசியுதா, ஃபியூஸ்?"

"எல்லாம் அடைச்சாச்சுக்கா. என் பல்லு ஒண்ணுதான் பாக்கி, அதையும் மூடிட்டேன்."

அண்ணி சிரிக்கவில்லை. "கையை எடுத்தா அது செத்துடும்னு சொல்வாரு. அதான் வீட்டுக்கே வரமாட்டாரு. வாம்மா, போயிடலாம்."

"அண்ணனைப் பொய்யன்னு சொல்லட்டும்னு விட்டுட்டா போகச் சொல்றீங்க, அண்ணி?"

டார்ச்சை ஏற்றி, வெளிச்சம் தகட்டில் படாதபடி பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒயரைச் சரிபார்க்க வலது கையுறைக்குள் கை நுழைத்தாள். ரப்பர் வாடை. நைட்ரஜன் பம்பின் முனகல். முனகல் நின்றது.

உள்ளே ஏதோ அவள் கையைப் பற்றியது.

கண்ணாடிக்குள் யாரும் இல்லை. ரப்பரில் மட்டும் பள்ளங்கள். நான்கு விரல். ஒரு கட்டைவிரல். சைக்கிள் பழகும்போது அவள் கீழே விழாமல் அண்ணன் பிடித்த அதே பிடி. அது அவள் கையை மெல்ல நகர்த்திக்கொண்டுபோய்த் தகட்டின்மேல் வைத்தது.

பிடி விட்டது.

கையைத் தூக்கினாள். எண் சரிந்தது. வைத்தாள். ஏறியது.

அண்ணன் பொய் சொல்லவில்லை.

"கையை எடும்மா," என்றாள் அண்ணி.

"எடுத்தா செத்துடும், அண்ணி."

மறுநாள் வந்தவர்கள் தகட்டை அளந்து, திறன் குறையவில்லை என்று கையெழுத்திட்டார்கள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வாசலைப் பார்த்தபடியே கையெழுத்திட்டார்கள்.

அவள் பயந்து ஓடிப்போனாள் என்று வெளியே ஒரு பேச்சு. தவறு. ஓடியவன் ஃபியூஸ். அந்தக் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. அவள் அங்கேயேதான் நிற்கிறாள், தோள்வரை கை உள்ளே.