யாக்கோப்பின் பெருவிரல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனிதக் கை என்றாலே அருவருப்பு. தொட்டதையெல்லாம் துடைக்கிறார்கள், கை கொடுக்கப் போனால் முழங்கையை நீட்டுகிறார்கள். ஆனால் வேலைக்கு வந்ததைப் பதிய மட்டும் வெறும் விரல் வேண்டுமாம். இப்படிப் புறுபுறுத்துக்கொண்டே செட்டிபாளையத்து ஆய்வுகூட வாசலில், அங்கே கூட்டித் துடைக்கும் யாக்கோப்பு பெருவிரலை இயந்திரத்தில் வைத்தார். எட்டு மாதமாக அவரை அறிந்த இயந்திரம் சிவப்பாய் மினுங்கியது. இடுப்பில் கட்டிய சாரத்தில் விரலைத் துடைத்து வைத்தார். மறுபடியும் சிவப்பு.

முந்தின நாள் செய்தது அவருக்கு மட்டுமே தெரியும். உறைபெட்டியிலிருந்து எடுத்த, ஒரு சொட்டுத் தண்ணி மட்டும் இருந்த சின்னக் குழாயைக் காட்டி, மனித மரபணுவைக் கிருமிக்குள் வைத்து வளர்த்தெடுத்த புரதம் இது என்று அங்கே ஆய்வு செய்யும் சர்மிளா சொல்லியிருந்தாள். ஒருவரின் உடம்புக் குறிப்பெல்லாம் எழுதியிருக்கும் இழையைத் தேடிப் பற்றிக்கொள்ளுமாம்.

"பிடிச்சா விடாது ஐயா. தொட்டுராதீங்க, உங்கட கை பட்டா இது பழுதாகிடும்."

நாற்பது வருடம் வாவியில் வலை இழுத்துத் தழும்பேறிய கை. கண் தெரியாத மனைவி ஜோசப்பின், அந்த உள்ளங்கைத் தழும்பைத் தடவித்தான் வந்திருப்பது புருஷன் என்று அறிவாள். அந்தக் கையா பழுதாக்கும்? சர்மிளா அப்பால் போனதும் மூடியைத் திறந்து, குழாயின் வாயில் பெருவிரலை வேண்டுமென்றே அழுத்தினார். எடுக்கும்போது, உள்ளிருந்து எதுவோ பிடித்து வைத்திருந்ததுபோல், தோல் மெல்லத்தான் விட்டது.

இன்று வெளிச்சத்தில் பார்த்தால் பெருவிரலில் ரேகை இல்லை. முட்டை ஓடு மாதிரி மழமழப்பு. தரை கழுவும் சவர்க்காரம் தின்றிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் மழமழப்பு உள்ளங்கைக்கு இறங்கித் தழும்பையும் தின்றுவிட்டது. உறைபெட்டி அறையைக் கூட்டுகையில், மோட்டாரின் உறுமலுக்கு அடியில், ஈரத்துணியைக் கண்ணாடியில் இழுப்பதுபோல் ஒரு சத்தம், அவருடைய தும்புத்தடி அசையும் தாளத்திலேயே வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தார். குளிர்ப்புகையோடு உப்பும் மீன்செதிலும் கலந்த அவருடைய சொந்த வாடை முகத்தில் அடித்தது. உட்கதவின் உறைபனியில் ஒரு கை பதிந்திருந்தது. தழும்போடு.

சர்மிளாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தொட்டதையும் சொல்லவேண்டும்.

நாலு மணிக்கு வெளியேற வந்தபோது, அவர் விரல் வைக்கு முன்னமே இயந்திரத்தில் பச்சை எரிந்தது. திரையில் அவருடைய பெயர். விரல் வைக்கும் கண்ணாடியில் பனித்துளி.

யாரோ முந்திப் போயிருந்தார்கள்.

சைக்கிள் பிடியில் கை வழுக்கியது. வீட்டு முற்றத்து மணலில், எதையோ இழுத்துப் போன ஈரக் கோடு. கதவு திறந்து கிடந்தது. ஜோசப்பின் கட்டிலில் இருந்தாள். அவளுடைய இடது கையைப் பிடித்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆரது? கை விலாங்கு மாதிரி வழுக்குது."

"நான்தான். யாக்கோப்பு."

"பகிடி விடாதீங்க. அவர் அப்பவே வந்திட்டார். இந்தா, என்ட கையைப் பிடிச்சிட்டுத்தானே இருக்கார்."

அவளுடைய வலது கை கட்டிலின் மறுபக்க நிழலுக்குள் நீண்டிருந்தது. அதைப் பற்றியபடி ஒரு கை. பனி பூத்த விரல்கள். தழும்பு. முழங்கை வரை இருந்தது.

அதற்கப்பால் ஒன்றுமில்லை.

அது பற்றிய இடத்திலிருந்து மழமழப்பு ஏறிக்கொண்டிருந்தது. தோள். கழுத்து. நாடி. அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க உதட்டின் கோடு அழிந்தது.

யாக்கோப்பு திரும்பி நடந்தார். "கண் தெரியாதவளுக்கு ஆளைத் தெரியுமாக்கும்," என்று முணுமுணுத்தபடி படலையைத் தாண்டினார். ஒரு சொட்டுத் தண்ணிக்குள் அப்படி என்ன இருந்துவிடப்போகிறது? சவர்க்காரம்தான்.