கண்ணீருக்கு ஒரு கோடு

முறுக்கு டப்பாவை மகளின் பெட்டியில் திணித்துவிட்டு, முத்துக்கனி அழுகை போட்டுக்கொள்ளக் கிளம்பினாள்.

மகள் பனிமலர் பதினொரு மணி விண்ணோடத்தில் செவ்வாய்க்குப் போகிறாள். போனவர்கள் திரும்புவதில்லை. ஒரே பிள்ளை. வழியனுப்பும்போது ஒரு சொட்டாவது வர வேண்டாமா? கணவர் இறந்தபோது கோடு போடும் தானியங்கியில் சோகக்கோடு போட்டும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

குலசை ஏவுதளத்தின் வாசலிலேயே எடிசனின் கோடு போடும் கடை.

நரம்புகள் பார்த்த வேலையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிய உணர்வுச்சில்லு ஏற்றுக்கொண்டு ஒரு தலைமுறை ஆயிற்று. இரண்டு ஆக்சைடுப் படிகங்கள், ஒன்றின்மேல் ஒன்று. தனித்தனியே இரண்டிலும் மின்சாரம் பாயாது. ஆனால் மேற்பரப்பைத் தொட்டபடி ஒரு நுண்ணூசி நேர்மின் அழுத்தத்தோடு ஓடினால், இரண்டும் ஒட்டும் எல்லையில் மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்த மின்பாதை ஒன்று பிறக்கும். எதிர்மின் அழுத்தத்தோடு ஓடினால் அழியும். அந்தப் பாதைதான் கோடு; ஒரு கோட்டுக்கு ஓர் உணர்வு. காலையில் கோபம், மதியம் பொறுமை என்று எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதலாம்.

“என்னக்கா, லேசா விசும்பலா, கதறலா?” என்றான் எடிசன்.

“பத்து நிமிசம் வந்தா போதும் தம்பி. பிள்ள முகம் தெரியணும்லா.”

ஊசி ஓடியது. அவள் கொண்டுவந்த பனிமலரின் படத்தைக் காட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினான். ஊஹூம். மூன்றாம் முறையும் முத்துக்கனி மின்கட்டண ரசீதைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். பத்தரை என்றது ஒலிபெருக்கி.

எடிசன் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

“எக்கா! கம்பெனியில ஒட்டுன கவரையே பிரிக்கலியே! ஊசி கவர் மேல ஓடுனா அடியில எப்படிக் கோடு விழும்? எத்தன வருசமா இப்படி?”

“பதினாறு. எங்க வீட்டு அவியதான் சொன்னாவ, கீறல் விழுந்துரும், அப்படியே இருக்கட்டும்னு. சமையல் ரோபோவுக்கும் நாங்க பிரிக்கல.”

“நல்லாக் காப்பாத்தி வச்சியக்கா!”

நகத்தால் ஓரத்தை மட்டும் நெம்பி, ஒரே ஒரு கோடு ஓட்டினான்.

பள்ளிக்கூட வாசலில் நான்கு வயதுப் பனிமலர் சேலையை விடாமல் பற்றிய பிடி இடுப்பில் இறுகியது. அதன் பின்னாலேயே கணவரின் வெறும் நாற்காலி வந்து நின்றது. கண்ணோரம் சுட்டது.

முத்துக்கனி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“அழிச்சிரு தம்பி. கவர ஒட்டிரு.”

“இப்பதானக்கா வேலை செய்யுது!”

“பதினாறு வருசமா ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன். இன்னிக்கிப் போயி பாழாக்கணுமா?”

அவன் அழித்தான். ஓரத்தை அவளே கட்டைவிரலால் அழுத்தி, காற்றுக் குமிழியை நீவி வெளியேற்றினாள்.

விண்ணோடத்தின் வாயிலில் பனிமலர் நின்றிருந்தாள். குடியேற்றத் துறை கொடுத்த புதுச் சில்லு அவள் காதுக்குப் பின்னால் பளபளத்தது. இனி பார்க்கவே முடியாத மகளிடம் சொல்ல, முத்துக்கனிக்கு ஒன்றுதான் தோன்றியது.

“ஏ பிள்ள, அங்கன போயி அந்தக் கவரப் பிரிச்சுப் போட்டுராத.”

“நான் ஏம்மா பிரிக்கேன்?” என்றாள் பனிமலர், உலர்ந்த கண்களோடு. “பெட்டிக்கே இன்னும் பிரிக்கல.”

கதவு மூடியது.