மூட்டில் சுற்றிய காகிதம்

குழாய் மூட்டில் சுற்றிய காகிதம் ஒரு தரம் உப்பி, மெல்ல உள்ளே ஒட்டிக்கொண்டது. பாண்டிலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் உப்பியது.

காலையில் அவளே சுற்றியதுதான். அடைமழை விட்டபாடில்லை. பிறந்து மாதம் நிரம்பாத பிள்ளைக்கு அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று, வெளியே கிடந்த, வெந்நீர் போடும் விறகு பாய்லரை அவள் புருஷன் மாரீஸ்வரன் உள்ளே தூக்கி வைத்து, புகைக்குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தான். இரண்டு தகரக் குழாய்கள் சேருமிடத்தில் அப்பிய களிமண் சூட்டில் வெடித்து உதிர்ந்துகொண்டே இருந்தது. பாண்டிலட்சுமி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குழல் சுற்றுகிறவள். பழுப்புக் காகிதத்தில் மைதாப் பசை தடவி, இறுக்கிச் சுற்றி வேலையை முடித்துவிட்டாள்.

"ஏ புள்ள, அடுப்புக்கும் வெடி சுத்திட்டியா? திரி வைக்கது மட்டுந்தான் பாக்கி."

"என் கையி சுத்துனது என்னைக்குப் பிரிஞ்சிருக்கு? பேசாம வேனை எடுங்க. கம்பெனி ஆளுக காத்துக் கெடப்பாக."

சிரித்துக்கொண்டே போனவன், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகவும் ராத்திரி வீடு வந்து சேர முடியாது என்றும் சாயங்காலம் போன் செய்தான்.

சாரலுக்குப் பயந்து ஜன்னல் இடுக்கிலெல்லாம் சாக்கைத் திணித்திருந்தாள். ஓட்டின் மேல் மழை இரைச்சலும், ஈரப் பசையின் புளித்த வாடையும், பிள்ளையின் பால் வாசமும் ஒன்றோடொன்று கலந்து அந்தச் சின்ன அறையில் கனமாக நின்றன. பால் குடித்த பிள்ளை வழக்கம்போல ஒரே ஒரு விக்கல் விக்கிவிட்டு அவளருகே தூங்கிப்போனான். அவளுக்குத் தலை விண்ணென்று தெறித்தது. தூக்கம் கெட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

காகிதம் உப்பியது. பிள்ளையின் நெஞ்சு ஏறியது.

காகிதம் ஒட்டியது. நெஞ்சு இறங்கியது.

இரண்டும் ஒன்றாக. அடுப்பை அணைக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள், உடம்பு பாயிலேயே கிடந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை. தலைமாட்டில் போன் அடித்தது. மாரீஸ்வரன்தான். கை எட்டும் தூரம். விரல்கூட அசையவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

காகிதம் உப்பியது. நெஞ்சு ஏறியது.

ஒட்டியது. இறங்கியது.

காகிதம் உப்பியது.

பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறு, என் சாமி. ஏறு.

காகிதம் ஒட்டியது. மறுபடி உப்பியது. முன்னைவிட நிதானமாக, வயிறு நிறைந்ததைப்போல.

பிறகு, குழாய்க்குள்ளிருந்து, ஒரே ஒரு விக்கல் கேட்டது.