மூணாம் அறைக்கு ஒரு பெயர்

வயரைப் பிடுங்கி ஒன்பது நாளாகியும் படியோரத்து ஒலிபெருக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கொச்சங்காடி மிளகுக் கிடங்கின் மாடி அலுவலகத்தில், மழை ஓட்டின் மேல் அறைந்துகொண்டிருக்க, ஈரச் சாக்கின் நாற்றமும் பூச்சி மருந்தின் அழுகல் பூண்டு வாடையும் மரப்படி வழியே ஏறி வர, அந்த மூச்சைக் கேட்காமல் இருப்பதையே சுடலைமணி அன்றைய வேலையாகச் செய்துகொண்டிருந்தான்.

சுமைக்காரர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அறைக்கு அழைக்கும் கணினி நிரலை எழுதியவன் அவன். குரலும் அவனுடையதே, நல்ல குரல் என்று அவனே தீர்மானித்திருந்தான்.

ஒன்பது நாளுக்கு முன், மூன்றாம் அறையில் விஷப் பூச்சி மருந்து வைத்துக் கதவிடுக்கைத் தாள் ஒட்டி அடைத்த அன்று நிரலை நிறுத்தினான். உடன் வேலை செய்யும் ஷம்னா தயங்கினாள்.

“சேட்டா, நீங்க எழுதின ஃபங்ஷன் ஓ.எஸ்.கிட்ட நேரா பேசாது. நடுவுல ஷெல்லுன்னு ஒரு தரகு புரோகிராமை எழுப்பும். ஷெல்லுதான் ஆளக் கூப்பிடுற நெசமான புரோகிராமை எழுப்பும். நீங்க நிறுத்துனது ஷெல்ல மட்டும். மத்தது உள்ள ஓடிட்டே இருக்கும், கேட்டோ.”

“ரெண்டும் ஒண்ணுதான் மோளே. பாடம் எடுக்காம சாயா குடிக்க வா.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே சாயாக்கடைக்குப் போனார்கள். ஆளில்லாத மாடியிலிருந்து நிரல் தன் பாட்டுக்குக் கூப்பிட்டது: “பாண்டித்துரை, மூணாம் அறை.” கதவில் எச்சரிக்கை மலையாளத்தில் இருந்தது. சுமைக்காரர் பாண்டித்துரைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். ஒட்டுத்தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்; பிணமாகத்தான் வெளியே வந்தார்.

கணினிப் பதிவில் அந்த அழைப்பைப் பார்த்தவன் சுடலைமணி. அழித்தவனும் அவனே. விசாரணையில், “நான் நிறுத்திட்டேன். அவரு குடிச்சிருந்தாரு” என்றான். ஷம்னா தரையைப் பார்த்தாள்.

இன்று பாண்டித்துரையின் மனைவி ஆவுடையம்மாள் எதிரில் நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தம்பி, கூப்டாம அவுக எங்கயும் போவ மாட்டாக. கல்யாண வீட்டுக்கே ரெண்டு தடவ கூப்டணும். குடிகாரன் மவன்னு கேலி பண்ணுதாகன்னு எம் புள்ள பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கான். அன்னைக்குக் கூப்ட்டாகளா, இல்லியா?”

சுடலைமணிக்குக் காது மடல் எரிந்தது. சொல்லிவிடலாம். ஒரே வரி. வாயைத் திறந்தான்.

கரகரப்பு.

“பாண்டித்துரை, மூணாம் அறை.”

ஒலிபெருக்கி அசையவில்லை. அசைந்தது அவன் உதடு. பொத்தினான். விரலிடுக்கில் மறுபடியும்: “பாண்டித்துரை.” கடித்தான். ரத்தம். “மூணாம் அறை.”

ஷம்னா சுவரோடு ஒண்டினாள். ஆவுடையம்மாள் மட்டும் படிப்பக்கம் திரும்பினாள். ஒன்பது நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

கீழே, மூன்றாம் அறைக் கதவில் புதிதாக ஒட்டிய தாள் கிழிந்தது. மெல்ல. உள்ளிருந்து.

“இந்தா வந்துட்டேன், தம்பி.” பாண்டித்துரையின் குரல்.

பூண்டு வாடை இப்போது கனத்து, முதல் படியில் ஏறியது. அவன் வாய் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.